கண் மிதவைகள்

கண் மிதவைகள் என்பவை, பார்வைப் புலத்தில் சிறு புள்ளிகளாகவும் நூலிழைகளாகவும் சிலந்தி வலைத் துணுக்குகளாகவும் மிதந்து செல்வது போலத் தோன்றும் நிழல்கள் ஆகும். கண்ணுக்கு வெளியே இவற்றுக்கு இணையான பொருள் எதுவும் இல்லை. விழிக்கோளத்தை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற பொருளில் உருவாகும் நார்த் திரட்சிகள், உள்ளே வரும் ஒளியை மறித்து விழித்திரையின் மீது வீழ்த்தும் நிழல்களே இவ்வாறு காணப்படுகின்றன. வெள்ளைச் சுவர், தெளிந்த வானம், கணினித் திரை போன்ற சீரான ஒளியுள்ள பின்னணியில் இவை எளிதில் புலப்படும்.

பெரும்பாலான மிதவைகள் தீங்கற்றவை. வயது முதிரும்போது மிகப் பலருக்கும் ஏற்படுபவை. எனினும், திடீரெனத் தோன்றும் புதிய மிதவைகள் சில வேளைகளில் விழித்திரைக் கிழிசலின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். கிழிசல் நிலையிலேயே கண்டறியப்பட்டால், சில நிமிடங்களில் முடியும் லேசர் சிகிச்சை பெரும்பாலும் பார்வையைக் காத்துவிடும். காலம் தாழ்ந்தால் விழித்திரை பிரிந்து நிலையான பார்வையிழப்பு ஏற்படலாம். ஆகவே, மிதவைகள் இருக்கின்றனவா என்பதைவிட, அவை அண்மையில் மாறியுள்ளனவா என்பதே முதன்மையான கேள்வி ஆகும்.

பெயர்

பழைய மருத்துவ நூல்களில் இவை 'பறக்கும் ஈக்கள்' என்று பொருள்படும் மஸ்கே வாலிடான்டெஸ் என்னும் இலத்தீன் பெயரால் குறிக்கப்பட்டன. பிரெஞ்சு மொழியிலும் இதே பொருள் கொண்ட பெயர் வழங்குகிறது. தமிழில் பேச்சு வழக்கில் 'கண்ணில் பூச்சி பறக்கிறது' என்பர். ஆனால் இதே தொடர், பசியாலோ களைப்பாலோ தலைசுற்றல் வரும்போது கண்முன் மின்னும் பொறிகளைக் குறிக்கவும் பயன்படுகிறது. இவ்விரண்டும் முற்றிலும் வேறானவை. பின்னது இரத்த அழுத்தம் சிறிது நேரம் குறைவதால் ஏற்பட்டு விரைவில் மறைவது. முன்னது கண்ணுக்குள் உண்மையாகவே உள்ள பொருளின் நிழல். மருத்துவரிடம் கூறும்போது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்வது பயனளிக்கும்.

கண்ணின் உட்பகுதி

வளர்ந்த ஒருவரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளம் உடையது. முன்புறத்தில் உள்ள விழிவில்லைக்கும் பின்புறத்தில் உள்ள விழித்திரைக்கும் இடைப்பட்ட பகுதியை விட்ரியஸ் எனப்படும் ஒளிபுகும் கூழ் நிரப்பியுள்ளது. இக்கட்டுரையில் இது விழிக்கூழ் எனக் குறிக்கப்படுகிறது. இதன் கன அளவு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர்; விழிக்கோளத்தின் கொள்ளளவில் இது ஐந்தில் நான்கு பங்கு ஆகும்.

விழிக்கூழில் ஏறத்தாழ 98 முதல் 99 விழுக்காடு நீரே உள்ளது. எஞ்சிய சிறு பங்கில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளும் ஹையலுரானிக் அமிலமும் சேர்ந்தே அந்நீரைக் கூழ் நிலையில் நிறுத்துகின்றன. மிக மெல்லிய கொலாஜன் இழைகள் வலை போலப் பரவியிருக்க, நீரைப் பிடித்துக்கொள்ளும் ஹையலுரானிக் அமில மூலக்கூறுகள் அவ்விழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலக்கி வைத்திருக்கின்றன. இந்த இடைவெளி இருக்கும்வரை இழைகள் ஒளியைத் தடுப்பதில்லை. கூழ் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்.

வயது ஏற ஏற இந்த அமைப்பு குலைகிறது. கூழின் நடுவே நீர்த்த பைகள் உருவாகின்றன. தாங்குவதற்கு எதுவுமில்லாத கொலாஜன் இழைகள் ஒன்றுசேர்ந்து நார்களாகத் திரள்கின்றன. இத்திரட்சிகளே மிதவைகளுக்குப் பொதுவான காரணம் ஆகும்.

நிழல் தோன்றும் விதம்

உயரத்தில் வட்டமிடும் பருந்தின் நிழல் தரையில் தெரிவதில்லை. தாழப் பறக்கும் காக்கையின் நிழல் தெளிவாகத் தெரிகிறது. கதிரவன் ஒரு புள்ளியாக அல்லாமல் அகன்ற ஒளிமூலமாக இருப்பதே இதற்குக் காரணம். கண்ணுக்குள்ளும் இதே விதி செயல்படுகிறது. இங்கு ஒளி நுழையும் கண்பாவை அகன்ற ஒளிமூலத்தின் இடத்தைப் பெறுகிறது. விழித்திரைக்கு மிக அருகில் உள்ள திரட்சி கூர்மையான நிழலை வீழ்த்துகிறது. விலகியிருப்பது மங்கலான கறையாகத் தெரிகிறது. இன்னும் முன்னால் இருப்பது தெரிவதே இல்லை.

எடுத்துக்காட்டாக, 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு திரட்சியைக் கொள்ளலாம். கண்பாவை 4 மில்லிமீட்டர் விட்டம் உடையதாகவும், அது விழித்திரையிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், அத்திரட்சியின் முழு நிழல் அதன் பின்னே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தொலைவுக்கே நீளும். வெளிச்சத்தில் கண்பாவை 2 மில்லிமீட்டராகச் சுருங்கும்போது, இத்தொலைவு ஒரு மில்லிமீட்டராக இரட்டிக்கிறது. வெயிலில் வானத்தை நோக்கும்போது மிதவைகள் மிகுந்தும் தெளிவாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். அப்போது மிதவைகள் பெருகிவிடுவதில்லை. அவற்றின் நிழல்களே கூர்மை அடைகின்றன.

மிதவைகளை நேராக உற்றுநோக்க இயலாது. அவை கண்ணுக்குள்ளேயே இருப்பதால், பார்வை திரும்பும்போது அவையும் உடன் நகர்கின்றன. கண் நின்ற பிறகும் கூழ் சற்று நேரம் அசைந்துகொண்டிருப்பதால் அவை தொடர்ந்து மிதந்து சென்று பின்னர் அடங்குகின்றன. பார்வைப் புலத்தில் அசையாமல் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் கரும்பகுதி மிதவை அன்று. அது விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ உள்ள குறைபாட்டைக் காட்டக்கூடும்.

காரணங்கள்

வயது முதிர்தலே மிகப் பொதுவான காரணம். இது தவிரப் பின்வருவனவும் மிதவைகளை உண்டாக்கலாம்.

கிட்டப்பார்வை: கிட்டப்பார்வை மிகுந்தோரின் விழிக்கோளம் இயல்பைவிட நீண்டிருக்கும். இவர்களின் விழிக்கூழ் இளவயதிலேயே நீர்க்கத் தொடங்குகிறது. எனவே இருபது, முப்பது வயதுகளிலேயே மிதவைகள் தோன்றுவது உண்டு.

கண்ணுள் இரத்தக்கசிவு: நீரிழிவு நோயால் விழித்திரையில் புதிதாக முளைக்கும் வலுவற்ற குருதிக்குழாய்கள் உடையும்போது, இரத்தம் விழிக்கூழில் கலந்து கரும்புள்ளிகளாகவோ புகை போலவோ தோன்றும். விழித்திரைச் சிரை அடைப்பு, கண்ணில் அடிபடுதல் ஆகியவற்றாலும் இது நிகழலாம்.

ஈல்ஸ் நோய்: 1880 ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் விவரித்த இந்நோய், விழித்திரைக் குருதிக்குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, மீண்டும் மீண்டும் கண்ணுள் இரத்தக்கசிவை ஏற்படுத்துகிறது. மற்றபடி நலமாக உள்ள இளம் ஆண்களையே இது பெரிதும் தாக்குகிறது. மேலை நாடுகளைவிட இந்தியத் துணைக்கண்டத்தில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. காசநோய்க் கிருமியுடன் இதற்குள்ள தொடர்பு நெடுநாளாக ஆராயப்பட்டு வருகிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனையிலும் இந்நோய் குறித்த ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. மிதவைகள் முதியோருக்கு மட்டும் உரியவை என்று இளைஞர்கள் புறக்கணிக்கக்கூடாது என்பதற்கு இந்நோய் ஓர் எடுத்துக்காட்டு.

அழற்சி: கண்ணின் நடுப்படலத்திலோ விழித்திரையிலோ அழற்சி ஏற்படும்போது வெள்ளணுக்கள் விழிக்கூழில் கலந்து மிதவைகளாகத் தெரியும். டாக்சோபிளாஸ்மா, காசநோய் போன்ற தொற்றுகளும், உடலின் தன்னெதிர்ப்பு நோய்களும் இதற்குக் காரணமாகலாம். பார்வை மங்கல், ஒளியைக் கண்டால் கூச்சம் ஆகியவை உடன் வரக்கூடும்.

விண்மீன் துகள்கள்: சிலரது விழிக்கூழில் கால்சியமும் கொழுப்பும் சேர்ந்த சிறு மணிகள் விண்மீன்கள் போல நிறைந்திருக்கும். பரிசோதிக்கும் மருத்துவரின் கண்ணுக்கு இவை பளிச்சென மின்னும். ஆனால் அக்கண்ணுக்கு உரியவர் பெரும்பாலும் எதையும் உணர்வதில்லை.

விழிக்கூழ் விலகல்

இளவயதில் விழிக்கூழின் மேற்பரப்பு விழித்திரையோடு ஒட்டியிருக்கும். கூழ் நீர்த்துச் சுருங்கும்போது, அதன் பின்புறம் விழித்திரையிலிருந்து கழன்று முன்னோக்கி நகர்கிறது. இது பின்புற விழிக்கூழ் விலகல் எனப்படுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் இது பரவலாக நிகழ்கிறது. எண்பது வயதை எட்டியவர்களில் பெரும்பாலோருக்கு இது ஏற்கெனவே நிகழ்ந்திருக்கும். கிட்டப்பார்வை உடையோருக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டோருக்கும் இது முன்னதாகவே வரலாம். பலருக்கு இது நிகழ்ந்ததே தெரியாமல் போவதும் உண்டு.

விலகலின்போது இரண்டு அறிகுறிகள் தோன்றும். ஒன்று, திடீரென வரும் புதிய மிதவை. பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தில் ஒட்டியிருந்த பகுதி கழன்று, முழு வளையமாகவோ பிறை வடிவமாகவோ மிதப்பதை வைஸ் வளையம் என்பர். மற்றொன்று, பார்வையின் ஓரத்தில் மின்னல் போல வெட்டும் ஒளிக்கீற்று. இருட்டில் கண்ணைத் திருப்பும்போது இது நன்கு தெரியும். விழித்திரையால் ஒளியை மட்டுமே உணர்த்த முடியும். ஆகவே கூழ் அதைப் பிடித்து இழுக்கும்போது எழும் தூண்டலும் மூளையில் ஒளியாகவே பதிவாகிறது.

பெரும்பாலோருக்கு விலகல் எவ்வித இடரும் இன்றி நிறைவடைகிறது. சில வாரங்கள் முதல் சில மாதங்களில் ஒளிக்கீற்றுகள் குறைந்து, மிதவைகளும் தொந்தரவு தருவது தணிகிறது.

விழித்திரைக் கிழிசலும் பிரிதலும்

சில இடங்களில் கூழ் விழித்திரையோடு வலுவாக ஒட்டியிருக்கும். அங்கு அது கழலாமல் விழித்திரையையே இழுத்துக் கிழித்துவிடக்கூடும். திடீர் மிதவைகள், ஒளிக்கீற்றுகள் ஆகிய அறிகுறிகளோடு விழிக்கூழ் விலகல் ஏற்பட்டோரில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு விழித்திரைக் கிழிசல் காணப்படுகிறது. அதாவது, இவ்வறிகுறிகளுடன் வரும் பெரும்பாலோருக்குக் கிழிசல் இல்லை; ஆயினும் புறக்கணிக்கத்தக்க அளவுக்கு இது அரிதும் அன்று. உணரப்படும் அறிகுறிகளை மட்டும் கொண்டு இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்த இயலாது என்பதே இங்குள்ள சிக்கல்.

கிழிசலின் வழியே நீர்த்த கூழ் விழித்திரைக்குப் பின்னால் புகுந்தால், சுவரிலிருந்து ஈரத்தால் உரியும் தாள் போல விழித்திரை அதன் அடிப்படலத்திலிருந்து பிரியத் தொடங்குகிறது. இது விழித்திரைப் பிரிதல் எனப்படும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. ஒளியை உணரும் செல்களுக்கு வேண்டிய உயிர்வளியும் ஊட்டமும் அடிப்படலத்தின் வழியாகவே வருவதால், பிரிந்த பகுதி படிப்படியாகச் செயலிழக்கிறது.

பிரிந்த பகுதி, பார்வையின் ஓரத்திலிருந்து நகர்ந்து வரும் திரை போன்ற நிழலாகத் தெரியும். விழித்திரையில் படும் உருவம் தலைகீழானது என்பதால், விழித்திரையின் மேற்பகுதி பிரிந்தால் நிழல் கீழிருந்தும், கீழ்ப்பகுதி பிரிந்தால் மேலிருந்தும் தோன்றும். நுண்பார்வைக்கு உரிய மையப்பகுதியான மாக்குலா பிரிவதற்கு முன்பே சிகிச்சை பெற்றால் நல்ல பார்வை மீள வாய்ப்பு மிகுதி. மாக்குலாவும் பிரிந்துவிட்டால், அறுவையில் விழித்திரை மீண்டும் ஒட்டினாலும் முந்தைய பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

இவை எதிலும் வலி இருப்பதில்லை. விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. கண் சிவப்பதும் இல்லை. வலி இல்லாததால் அவசரம் இல்லை என்று கருதுவதே காலம் தாழ்த்தப் பொதுவான காரணமாக அமைகிறது.

பின்வருவோருக்குக் கிழிசல் அல்லது பிரிதல் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி:

- கிட்டப்பார்வை மிகுந்தோர்
- கண்புரை அறுவை செய்துகொண்டோர்
- கண்ணில் பலமாக அடிபட்டோர்
- மற்றொரு கண்ணில் ஏற்கெனவே கிழிசலோ பிரிதலோ ஏற்பட்டோர்
- குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கு விழித்திரைப் பிரிதல் இருந்தோர்
- விழித்திரை ஓரங்களில் வலைப்பின்னல் போன்ற மெலிவுப் பகுதிகள் உடையோர்

எப்போது மருத்துவரை நாட வேண்டும்

பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அன்றே, அல்லது 24 மணி நேரத்துக்குள், கண் மருத்துவரிடம் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்:

- முன்பு இல்லாத மிதவைகள் திடீரெனத் தோன்றுதல், அல்லது இருந்தவை திடீரெனப் பெருகுதல்
- கரித்தூள் அல்லது மிளகுத்தூள் தூவியது போன்ற எண்ணற்ற நுண்புள்ளிகள்
- பார்வையின் ஓரத்தில் புதிதாக மின்னும் ஒளிக்கீற்றுகள்
- கண்ணில் அடிபட்ட பின்போ கண் அறுவைக்குப் பின்போ தோன்றும் மிதவைகள்

பின்வருவன தோன்றினால் அதே வேளையில் அவசரச் சிகிச்சையை நாட வேண்டும். மறுநாள் காலை வரை காத்திருத்தல் கூடாது:

- பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரை அல்லது நிழல் படர்தல்
- ஒரு கண்ணின் பார்வை திடீரென மங்குதல், அல்லது நேர்கோடுகள் வளைந்து தெரிதல்
- மிதவைகளுடன் கண்வலி, கண் சிவத்தல், ஒளிக்கூச்சம் ஆகியன சேர்ந்து வருதல்

பல ஆண்டுகளாக மாற்றமின்றி இருக்கும் ஓரிரு மிதவைகளுக்கு அவசரம் இல்லை. எனினும், இதுவரை ஒருமுறைகூட விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள், வசதியான நாளில் ஒருமுறை செய்துகொள்வது நல்லது. நீரிழிவு நோயாளிகள் மிதவைகள் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடைகளில் செய்யப்படும் பார்வை அளவுச் சோதனை இதற்குப் போதாது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தெளிவாகப் படிக்க முடிந்தவருக்கும் விழித்திரையின் ஓரத்தில் கிழிசல் இருக்கலாம்.

ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதால், இரு கண்களும் திறந்திருக்கும்போது மாற்றம் தெரியாமல் போகலாம். எனவே அவ்வப்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றதால் வெள்ளைச் சுவரை நோக்கி, நான்கு ஓரங்களும் தெளிவாக உள்ளனவா என்று பார்த்து, பின்பு அடுத்த கண்ணையும் அவ்வாறே சோதிப்பது எளிய பழக்கம் ஆகும். இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்று அன்று. மாற்றத்தை முன்னதாக அறிய மட்டுமே உதவும்.

மிதவை போலத் தோன்றும் பிற

ஒற்றைத்தலைவலி ஒளித்தோற்றம்: ஒற்றைத்தலைவலிக்கு முன்னரோ, தலைவலி இல்லாமலோ, மினுமினுக்கும் வளைந்து நெளிந்த கோடுகள் தோன்றிப் படிப்படியாக விரிந்து, பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களில் மறையும். இது மூளையில் உருவாவதால் எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். விழித்திரை இழுபடுவதால் வரும் ஒளிக்கீற்றோ ஒரு கண்ணில் மட்டும் கணநேரமே தோன்றும்.

நீலவானப் புள்ளிகள்: நீல வானத்தை உற்றுநோக்கும்போது சிறு ஒளிப்புள்ளிகள் குறுகிய பாதைகளில் விரைந்து ஓடுவது இயல்பானது. விழித்திரையின் நுண்குருதிக்குழாய்களில் வெள்ளணுக்கள் செல்வதாலேயே இது நிகழ்கிறது. இது நோய் அன்று.

கண்புரை: கண்புரையில் விழிவில்லை மங்குவதால் பார்வை முழுவதும் புகை படர்ந்தது போல, மாதக்கணக்கில் மெல்லக் குறையும். கண்புரையையும் 'கண்ணில் திரை' என்று சிலர் குறிப்பிடுவதால், திடீரெனப் படரும் திரையைக் கண்புரை என்று தவறாகக் கருதிவிடக்கூடாது.

பரிசோதனை

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரிவாக்கிய பின்னரே விழித்திரையின் ஓரங்கள் வரை காண இயலும். மருத்துவர் தலையில் அணிந்த விளக்கும் கையில் பிடித்த வில்லையும் கொண்டு விழித்திரையை நோக்குவார். ஓரங்களை நன்கு காண, இமையின் மேல் மழுங்கிய சிறு கருவியால் மெல்ல அழுத்துவதும் உண்டு. பிளவு விளக்கு எனப்படும் நுண்ணோக்கி வழியே விழிக்கூழும் பார்க்கப்படும். கூழில் பழுப்பு நிறத் துகள்கள் தென்பட்டால் கிழிசல் இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று கொள்ளப்படும். இரத்தக்கசிவால் விழித்திரை மறைந்திருந்தால் மீயொலிச் சோதனை செய்யப்படும்.

சொட்டு மருந்தின் விளைவாகச் சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் ஒளி கூசுவதாகவும் இருக்கும். அந்நேரத்தில் வண்டி ஓட்டக்கூடாது. உடன் ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது.

முதல் பரிசோதனையில் கிழிசல் இல்லை என்றாலும், விலகல் நிறைவடையும்வரை சில வாரங்களுக்குள் புதிய கிழிசல் ஏற்படக்கூடும். ஆதலால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில் மறுபரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இடையில் அறிகுறிகள் கூடினால், குறித்த நாள் வரை காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

சிகிச்சை

கிழிசலுக்கு: கிழிசலைச் சுற்றி லேசர் கதிரால் சிறு சூட்டுப் புள்ளிகள் இடப்படுகின்றன. அவ்விடங்களில் உருவாகும் தழும்பு விழித்திரையை அடிப்படலத்தோடு பிணைத்து, நீர் பின்னால் புகாமல் தடுக்கிறது. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச்செய்து புறநோயாளியாகவே இதைச் செய்துகொள்ளலாம். பிணைப்பு உறுதிப்பட ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். லேசர் எட்டாத இடங்களில் கடுங்குளிர்ச் சிகிச்சை கையாளப்படுகிறது. இச்சிகிச்சைகள் கிழிசலை அடைப்பவையே. மிதவைகளை நீக்குபவை அல்ல.

பிரிதலுக்கு: விழிக்கோளத்தின் வெளிப்புறத்தில் சிலிக்கோன் பட்டை பொருத்துதல், விழிக்கூழை அகற்றி வளிமக் குமிழி அல்லது சிலிக்கோன் எண்ணெய் நிரப்புதல் ஆகிய முறைகள் உள்ளன. முதல் அறுவையிலேயே ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காட்டினருக்கு விழித்திரை ஒட்டிவிடுகிறது. வளிமம் நிரப்பப்பட்டவர்கள் மருத்துவர் கூறும் தலைநிலையைக் கடைப்பிடிக்க வேண்டும். குமிழி முற்றிலும் மறையும்வரை அவர்கள் விமானப் பயணம் செய்யக்கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழி விரிந்து கண்ணின் உள்ளழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும்.

மிதவைகளுக்கு: தீங்கற்ற மிதவைகளுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. அன்றாட வாழ்வைக் கடுமையாகப் பாதிக்கும் சிலருக்கு மட்டும் இரு வழிகள் கருதப்படுகின்றன. முதலாவது, விழிக்கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவை. இது மிதவைகளை நீக்குவதில் பயனுள்ளதாயினும், கண்புரை விரைந்து வருதல், விழித்திரைப் பிரிதல், அரிதாகக் கண்ணுள் தொற்று ஆகிய இடர்களை உடையது. இரண்டாவது, யாக் லேசரால் மிதவையைச் சிதைத்தல். 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 52 பேரிடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வில், இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நல்ல முன்னேற்றத்தை உணர்ந்தனர். எனினும் இது சிறிய ஆய்வு. எல்லா வகை மிதவைகளுக்கும் இம்முறை பொருந்துவதும் இல்லை.

மிதவைகளுடன் வாழ்தல்

விழித்திரை நலமாக உள்ளது என உறுதியான பின், எஞ்சுவது பழகிக்கொள்வதே. மாறாமல் தொடரும் தூண்டலை மூளை நாளடைவில் ஒதுக்கிவிடுகிறது. மூக்குக்கண்ணாடியின் விளிம்பு அதை அணிந்தவருக்குத் தெரியாமல் போவதைப் போன்றதே இது. மேலும், கனத்த திரட்சிகள் காலப்போக்கில் பார்வைக்கோட்டிலிருந்து விலகவும் கூடும். இதற்குப் பலருக்குச் சில மாதங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் பின்வருவன உதவும்:

- வாசிக்கும்போது மிதவை எழுத்தை மறைத்தால், கண்ணை மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தல். கூழ் சுழன்று மிதவை சற்று விலகும்.
- கணினித் திரையின் பொலிவைக் குறைத்தல், அல்லது கரும் பின்னணியில் வெளிர் எழுத்துகளை அமைத்தல்.
- வெயிலில் குளிர்கண்ணாடி அணிதல்.
- மிதவைகளைத் தேடிப் பார்ப்பதைத் தவிர்த்தல். கவனம் செலுத்தும் அளவுக்கு அவை மிகுந்து தெரியும், மனக்கலக்கமும் கூடும்.
- தோன்றும் மிதவைகளின் வடிவத்தை, எந்தக் கண் என்பதையும் நாளையும் குறித்து ஒரு தாளில் வரைந்து வைத்தல். பின்னர் மாற்றம் நேர்ந்ததா என்ற ஐயம் எழும்போது இது தெளிவு தரும்.

மிதவைகளால் தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குக் கவலை தொடர்ந்தால், அதையும் மருத்துவரிடம் கூறுதல் தகும். மிதவைகள் பிறர் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால், அவற்றால் ஏற்படும் துன்பத்தைச் சுற்றியிருப்போர் குறைத்து மதிப்பிடுவதுண்டு.

தவறான கருத்துகள்

- கண்ணில் விடும் சொட்டு மருந்து மிதவைகளைக் கரைக்கும் என்பது சரியன்று. தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் போன்றவற்றைக் கண்ணில் விடுவதால் மிதவைகள் நீங்கா. தொற்று ஏற்படும் ஆபத்தே உண்டு.
- கணினியை மிகுதியாகப் பயன்படுத்துவதால் மிதவைகள் உண்டாவதில்லை. வெண்திரையில் அவை எளிதில் தெரிவதாலேயே அவ்வாறு தோன்றுகிறது.
- கண்களைக் கசக்கினாலோ கழுவினாலோ மிதவைகள் போகா. அவை கண்ணின் மேற்பரப்பில் இல்லை.
- புதிய மூக்குக்கண்ணாடியால் மிதவைகள் மறையா.

வரலாறு

மிதவைகள் பழங்காலத்திலிருந்தே அறியப்பட்டவை என்றாலும், உயிருள்ளவரின் விழித்திரையை நேரில் காணும் வாய்ப்பு 19 ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கிட்டியது. செருமானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851 ஆம் ஆண்டில் கண்ணுள்நோக்கியை வெளியிட்டார். அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, விழித்திரை பிரிந்த கண் பெரும்பாலும் மீட்க முடியாததாகவே கருதப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ஜூல் கோனின் (1870 - 1935), பிரிதலுக்கு மூலம் கிழிசலே என்றும், அதைக் கண்டுபிடித்து அடைப்பதே சிகிச்சை என்றும் நிறுவினார். கிழிசலைச் சூட்டால் அடைக்கும் அவரது அறுவை 1920களில் பரவி, 1929 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த பன்னாட்டுக் கண் மருத்துவ மாநாட்டில் ஏற்பைப் பெற்றது. 1940களில் சார்லஸ் ஸ்கெப்பன்ஸ் உருவாக்கிய இருகண் நோக்கி, விழித்திரையின் ஓரங்களை ஆராய வழிசெய்தது.

செருமானிய மருத்துவர் கெர்டு மேயர்-ஷ்விக்கெராத், 1945 ஆம் ஆண்டின் கதிரவ மறைப்பை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு ஏற்பட்ட விழித்திரைச் சூட்டுப்புண்ணைக் கண்டு, ஒளியையே சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என எண்ணினார். 1949 ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய ஒளிச்சூட்டு முறையே இன்றைய லேசர் சிகிச்சையின் முன்னோடி ஆகும். ராபர்ட் மாக்கமர் 1970களின் தொடக்கத்தில் மூடிய கண்ணுக்குள் நுண்கருவிகளைச் செலுத்தி விழிக்கூழை அகற்றும் அறுவையை உருவாக்கினார். நூறாண்டுகளுக்கு முன் பார்வையிழப்பில் முடிந்த ஒரு நிலை, இன்று உரிய நேரத்தில் மருத்துவரை அடைவோருக்குப் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியதாக மாறியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- விழித்திரை
- விழித்திரைப் பிரிதல்
- கிட்டப்பார்வை
- கண்புரை
- நீரிழிவு விழித்திரை நோய்